புற ஊதாக் கதிருக்குத் தரையிலும் ஒரு கண் வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வெயிலின் புற ஊதாக் கதிர்கள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். தோலுக்கும் கண்ணுக்கும் வரும் கேடுகளை வாசகரைப் பயமுறுத்தாமல் எழுதியிருந்தது பிடித்திருந்தது. கடைசிப் பத்திதான் உறுத்தியது. செயற்கைக்கோள்கள் உலகம் முழுவதையும் தினமும் அளந்து தந்துவிடுகின்றன, அதனால் தரையில் கருவி வைத்துப் பராமரிப்பது இனி வீண்செலவு என்கிறது அது. பல வருடங்களாக இந்தத் தரைக் கருவிகளோடு மாரடிக்கிறவன் நான். அதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

நம் தலைமேல் விழும் புற ஊதாக் கதிரை எந்தச் செயற்கைக்கோளும் நேரடியாக அளப்பதில்லை. அளக்கவும் முடியாது. 2004இல் ஏவப்பட்ட ஆரா செயற்கைக்கோள் சுற்றுவது ஏறத்தாழ 705 கி.மீ. உயரத்தில், கதிர் வந்து விழுவது கீழே. காற்றிலும் மேகத்திலும் தரையிலும் பட்டுச் சிதறி மேலே திரும்பி வரும் ஒளிதான் அதன் கண்ணுக்குத் தெரியும். அந்த ஒளியில் எந்த அலைநீளம் எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதிலிருந்து, புற ஊதாக் கதிரை வடிகட்டும் ஓசோனின் அளவைக் கண்டுபிடிக்கிறார்கள். எவ்வளவு பளிச்சென்று இருக்கிறது என்பதை வைத்து மேகத்தை மதிப்பிடுகிறார்கள். சூரியன் நிற்கும் கோணம் ஏற்கெனவே தெரிந்ததுதான். எல்லாவற்றையும் கணினியில் போட்டால், தரையில் இவ்வளவு கதிர் விழ வேண்டும் என்று ஓர் எண் வருகிறது. வானம் தெளிவாகவும் காற்று சுத்தமாகவும் உள்ள இடங்களில் அந்த எண் தரைக் கருவியோடு நன்றாகவே ஒத்துப்போகிறது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சிக்கல் தொடங்குவது காற்று அழுக்காகும்போது. தரையை ஒட்டிக் கிடக்கும் புகையும் தூசும் புற ஊதாக் கதிரைக் கணிசமாக விழுங்கிவிடும். ஆனால் மேலிருந்து புற ஊதா ஒளியில் பார்க்கும்போது, இடையிலுள்ள காற்றே ஏகப்பட்ட ஒளியைச் சிதறடிப்பதால் அடியில் கிடக்கும் புகை சரியாகத் தெரிவதில்லை. விளைவு, புகை மண்டிய நகரங்களில் செயற்கைக்கோள் கணக்கு உண்மையைவிடக் கூடுதலாக வந்தது. 10 முதல் 30 விழுக்காடு வரை கூடுதல் என்று பல ஒப்பீடுகள் காட்டின. பிறகு அதற்கென்று திருத்தம் சேர்த்தார்கள். திருத்தம் சரியாக வேலை செய்கிறதா என்று எதை வைத்துப் பார்த்தார்கள்? தரைக் கருவியை வைத்துத்தான். பனி மூடிய நிலத்தில் தவறு எதிர்ப்பக்கம் சாய்கிறது. வெண்பனியும் மேகமும் மேலிருந்து ஒரே மாதிரி வெள்ளையாகத் தெரிவதால், பனியை மேகம் என்று எடுத்துக்கொண்டு கணக்கு குறைத்துச் சொல்லிவிடுகிறது. உண்மையில் புதுப்பனி கதிரில் 80 விழுக்காடு வரை திருப்பி அனுப்பும். அங்கே நிற்பவருக்கு மேலிருந்தும் அடி, கீழிருந்தும் அடி.

நேரமும் ஒரு பிரச்சினை. ஆராவில் உள்ள ஓஎம்ஐ என்ற ஓசோன் அளக்கும் கருவி பல ஆண்டுகளாக ஓர் இடத்தைக் கடந்து வந்தது பிற்பகல் ஒன்றே முக்கால் மணி வாக்கில், பெரும்பாலான இடங்களில் நாளுக்கு ஒருமுறை. அதன் ஒரு பிக்சலுக்குள் 13க்கு 24 கி.மீ. பரப்பு அடங்கிவிடும். 2017இல் ஏவிய சென்டினல்-5பி செயற்கைக்கோளின் ட்ரோபோமி கருவி இதை 3.5க்கு 5.5 கி.மீ. வரை குறைத்திருக்கிறது. பெரிய முன்னேற்றம்தான். 2020இல் தென்கொரியா செயற்கைக்கோளில் ஏற்றி அனுப்பிய ஜெம்ஸ் கருவி, பூமியோடு சேர்ந்தே சுற்றுவதால் ஒரே இடத்தில் நிற்பதுபோல் இருந்து ஆசியாவைப் பகலில் மணிக்கொரு முறை பார்க்கிறது. ஆக, இந்தக் குறைகள் மெல்லத் தீர்ந்து வருகின்றன என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் தரையில் உள்ள உணரி நிமிடத்துக்கு நிமிடம் பதிவு செய்கிறது. சூரியனை மறைக்காமல் பக்கத்தில் மட்டும் மேகங்கள் திரண்டு நிற்கும் வேளையில், மேகத்தின் விளிம்பில் பட்டுச் சிதறும் ஒளியும் சேர்ந்துகொண்டு, மேகமே இல்லாத நாளைவிடக் கதிர் சில நிமிடங்களுக்கு எகிறும். வரைபடத்தில் அது கூர்மையாக மேலே குத்தி நிற்கும். நாளுக்கொரு தடவை எட்டிப் பார்ப்பதில் இதெல்லாம் சிக்காது.

அதற்காகத் தரைக் கருவி சொல்வதெல்லாம் வேதவாக்கு என்று நான் வாதாட வரவில்லை. அதைச் சரியாக வைத்திருப்பது பெரும்பாடு. தினமும் காலையில் கருவியின் தலையில் உள்ள குவார்ட்ஸ் கண்ணாடியைத் துடைக்க வேண்டும். பறவை எச்சம் ஒன்று விழுந்திருந்தால் அன்றைய அளவு போச்சு. கருவி சாயவில்லை என்று காட்டும் ரசமட்டக் குமிழ் நடுவில் நிற்கிறதா, உள்ளே ஈரம் சேராமலிருக்க வைத்த சிலிக்கா ஜெல் நீலத்திலிருந்து இளஞ்சிவப்புக்கு மாறிவிட்டதா என்று பார்க்க வேண்டும். இதெல்லாம் சுலபமான பகுதி.

அளவுத்திருத்தம், அதாவது தெரிந்த ஒளியோடு ஒப்பிட்டுக் கருவியைச் சரிசெய்வதுதான் உயிரை வாங்கும். இருட்டறையில், ஒளி அளவு முன்பே சான்றளிக்கப்பட்ட 1000 வாட் ஹாலஜன் விளக்கைக் கருவிக்கு முன்னால் 50 செ.மீ. தொலைவில் பொருத்துவார்கள். ஒரே ஒரு மில்லிமீட்டர் தள்ளிப்போனாலும் அளவு 0.4 விழுக்காடு மாறிவிடும். விளக்கை வெறுங்கையால் தொடக் கூடாது, விரல் ரேகை பட்டாலே கெட்டது. மின்னோட்டம் கொஞ்சம் ஆடினால் புற ஊதாப் பகுதியில் ஒளி அதைவிடப் பெரிதாக ஆடும். அப்புறம் சூரிய ஒளியே ஒரு தலைவலி: 290க்கும் 320 நானோமீட்டருக்கும் இடையில் அதன் வலிமை ஆயிரக்கணக்கான மடங்கு மாறுகிறது. நீண்ட அலைநீள ஒளி கருவிக்குள் துளி சிதறினாலும், குறுகிய அலைநீளத்தில் உள்ள சொற்ப ஒளியை அது அமுக்கிவிடும். அதனால்தான் ஒளியை அலைநீளம் வாரியாகப் பிரித்து அளக்கும் நல்ல நிறமாலைமானிகளில் இரண்டு தடவை பிரிக்கிறார்கள். சுவிட்சர்லாந்தின் டாவோஸ் நகரிலுள்ள உலகக் கதிர்வீச்சு மையம், ஊர் ஊராக எடுத்துச் சென்று மற்றக் கருவிகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்கென்றே ஒரு நிறமாலைமானியை வைத்திருக்கிறது. அந்த அளவுக்கு இது நம்பிக்கையைச் சோதிக்கும் வேலை.

இவ்வளவு பாடு எதற்கு? ஓசோன் படலத்தைக் காக்கும் மான்ட்ரியால் உடன்படிக்கை 1987இல் ஏற்பட்டது. அன்டார்க்டிகாவின் மேலே ஓசோன் 1980ஆம் ஆண்டு நிலைக்குத் திரும்ப 2066 வாக்கில் ஆகும் என்பது ஐ.நா. அமைப்புகளின் 2022 மதிப்பீடு. இவ்வளவு மெதுவாக நடக்கும் மாற்றத்தைக் கதிரில் காண வேண்டுமென்றால், பல பத்தாண்டுகளுக்குப் பிசகாத பதிவு கையில் இருக்க வேண்டும். நியூசிலாந்தின் லாடர் நிலையத்தில் அப்படி ஒரு பதிவு இருந்தது. 1998-99 கோடையின் உச்சக் கதிர், அந்தப் பத்தாண்டின் தொடக்க வருடங்களைவிட 12 விழுக்காடு கூடியிருந்ததை அதை வைத்துத்தான் காட்டினார்கள்.

ஓசோன் ஓட்டையின் கதையும் இதைத்தான் சொல்கிறது. அன்டார்க்டிகாவின் ஹாலே நிலையத்தில், தரையிலிருந்து ஓசோனை அளக்கும் டாப்சன் கருவி எடுத்த நீண்ட காலப் பதிவை வைத்து ஃபார்மன், கார்டினர், ஷாங்ளின் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் மூவரும் 1985இல் அந்த ஓட்டையைப் பற்றி வெளியிட்டார்கள். 1978 முதல் நிம்பஸ்-7 செயற்கைக்கோள் ஓசோனை அளந்தபடி மேலே சுற்றிக்கொண்டுதான் இருந்தது. அதன் கணினி அந்தக் குறைந்த அளவுகளைத் தூக்கி எறிந்துவிட்டது என்று ஒரு கதை உலவுகிறது, அது சரியல்ல. சந்தேகத்துக்குரியவை என்று குறியிட்டு வைத்திருந்தார்கள், அவ்வளவே. ஓட்டை ஒரு கண்டத்தளவு பெரியது என்று படம் போட்டுக் காட்டியதும் பிறகு அதே செயற்கைக்கோள்தான். ஒற்றைத் தரைநிலையத்தால் அது ஆகாது. நடுக்கடலுக்கும் கருவியே இல்லாத நாடுகளுக்கும் இன்றும் செயற்கைக்கோளை விட்டால் வேறு வழியில்லை.

கடைசியாக உங்கள் இதழுக்கு ஒரு வேண்டுகோள். கதிரின் கடுமையை ஒரே எண்ணில் சொல்லும் புற ஊதாக் குறியீட்டை (UV index) இனி வெளியிடும்போது, அது தரையில் அளந்ததா, செயற்கைக்கோளிலிருந்து கணக்கிட்டதா, முன்கணிப்பா என்று பக்கத்திலேயே போடுங்கள். கைப்பேசிச் செயலிகள் காட்டுவது பெரும்பாலும் முன்கணிப்பு. கைப்பேசி எதையும் அளப்பதில்லை. முன்கணிப்பு என்றால், மேகத்தைக் கணக்கில் எடுத்தார்களா, தெளிந்த வானத்துக்குப் போட்டார்களா என்பதும் வேண்டும். குறியீட்டில் ஒரு அலகு என்பது தோல் சிவக்க வைக்கும் திறனுக்கேற்பக் கணக்கிட்ட 25 மில்லிவாட், ஒரு சதுர மீட்டருக்கு. 3ஐத் தொட்டாலே பாதுகாப்புத் தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2க்கும் 3க்கும் நடுவில் இருக்கும் ஒரு நாளில், அந்த எண் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால்தானே குடை எடுப்பதா வேண்டாமா என்று வாசகர் முடிவு செய்ய முடியும்?

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்