வடிவாய்க்கால்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் அம்மாவும் எப்படி இருக்கிறீர்கள்? கல்லணை திறந்தாச்சு என்று செய்தியில் பார்த்தேன். திருத்துறைப்பூண்டிப் பக்கம் தண்ணீர் எட்டிப் பார்த்ததா? நாற்றங்கால் விடுகிறீர்களா, இல்லை இந்த முறையும் நேரடி விதைப்புதானா?

இந்த ஆஸ்பத்திரியின் நிர்வாகப் பொறுப்புக்கு வந்து நேற்றோடு ஒரு வருஷம். “நர்ஸ் வேலை தெரியும், இது என்ன வேலைம்மா?” என்று போன வாரம் கேட்டீர்கள். போனில் சொன்னால் பாதியில் நின்றுவிடுகிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

இங்கிலாந்தில் 1948 ஜூலை 5 முதல் அரசு மருத்துவம் எல்லாருக்கும் பொது. படுத்திருப்பவரிடம் யாரும் பில் நீட்டுவதில்லை. இத்தனை வருஷமாகியும் அதைப் பார்க்கும்போது எனக்கு மனசு நிறைகிறது. ஆனால் கூட்டம். அவசரப் பிரிவுக்கு வருகிறவர்களில் 100-க்கு 95 பேரை 4 மணி நேரத்துக்குள் பார்த்து முடித்து, வீட்டுக்கோ வார்டுக்கோ அனுப்ப வேண்டும் என்பது கணக்கு. நாடு முழுவதற்குமாக அதைக் கடைசியாக எட்டியது 2015-ல். எங்களிடமும் வராந்தாவில் ஸ்ட்ரெச்சர், வாசலில் ஆம்புலன்ஸ் வரிசை.

வந்ததும் நான் செய்த காரியம், அவசரப் பிரிவில் படுக்கைகளைக் கூட்டியது. பத்தே நாளில் அவையும் நிரம்பிவிட்டன. வேலை இரட்டிப்பானதுதான் மிச்சம். நர்ஸுகள் என் முகத்தைப் பார்த்துப் பேசுவதையே நிறுத்திவிட்டார்கள். நானும் அந்த வேலை பார்த்தவள் என்பதால் அது ரொம்பவே வலித்தது.

டிசம்பரில் ஒரு சாயங்காலம் மேல்மாடி வார்டில் ஒரு பெரியவரைப் பார்த்தேன். கோட்டு போட்டு, ஷூவுக்குக் கயிறு கட்டி, மடியில் பையை வைத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். காலை 10 மணிக்கே வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார்களாம். மாத்திரை வரவில்லை. அவர் படுக்கையை இன்னொருவருக்குக் கொடுக்கவும் முடியவில்லை. அதே நேரம் கீழே ஓர் அம்மா ஆம்புலன்ஸுக்குள்ளேயே படுத்திருந்தார்.

அப்போது உங்கள் ஞாபகம்தான் வந்தது அப்பா. ஐப்பசி மழையில் நம் வயலில் இடுப்பளவு தண்ணீர் நின்றபோது, எல்லாரும் மதகுப் பக்கம் ஓடினார்கள். நீங்கள் மண்வெட்டியோடு எதிர்ப்பக்கம் வடிவாய்க்காலுக்குப் போனீர்கள். வெங்காயத்தாமரையும் காட்டாமணக்கும் அடைத்துக் கிடந்ததை வெட்டி இழுத்துப் போட்டீர்கள். விடிவதற்குள் நாற்று தலை காட்டியது.

சரி என்று மறுநாளே மருந்தகத்தில் போய் உட்கார்ந்தேன். டாக்டர்கள் ரவுண்ட்ஸ் முடித்து மதியம்தான் மருந்துச் சீட்டு எழுதுகிறார்கள். எல்லாச் சீட்டும் 2 மணிக்கு ஒன்றாக வந்து விழுகிறது. நாளைக்கு யார் வீட்டுக்குப் போகலாம் என்று முந்தின நாளே பேசி, அன்றைக்கே சீட்டு எழுத வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். சில மூத்த டாக்டர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. கட்டளை போடாமல், இரண்டு வார்டில் மட்டும் தொடங்கினோம். மூன்றாம் வாரம் மற்ற வார்டு நர்ஸுகளே வந்து கேட்டார்கள். இப்போது பெரும்பாலும் மதியச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே படுக்கை காலியாகிறது. வாசலில் வரிசை குறைந்திருக்கிறது, தீரவில்லை.

தீராததற்குக் காரணம், வடிவாய்க்கால் நம் எல்லையோடு முடிவதில்லை. நோய் குணமானாலும் தனியாக எழுந்து நடக்க முடியாத முதியவர்களுக்கு வீட்டுக்கு ஆள் அனுப்புவது உள்ளாட்சியின் பொறுப்பு. அது மருத்துவம் போல இலவசமும் இல்லை. 23,250 பவுண்டுக்கு மேல் சேமிப்பு இருந்தால் முழுச் செலவும் அவர்களுடையது. ஆள் கிடைக்கும்வரை ஆஸ்பத்திரியிலேயே கிடக்கிறார்கள். படுத்தே இருந்தால் இருக்கிற தெம்பும் போய்விடும். கீழூர்க்காரர்களிடம் போய்த் தூர் வாரச் சொல்லி நீங்கள் பேசியது போல, நான் வாரா வாரம் உள்ளாட்சி ஆட்களோடு உட்கார்ந்து பேசுகிறேன். ஒரு சிலருக்கு வழி பிறக்கிறது.

அப்புறம், அம்மாவின் கால் வீக்கம் குறைந்ததா? தண்ணீர் மாத்திரையைக் காலையிலேயே போடச் சொல்லுங்கள், இராத்திரி போட்டால் தூக்கம் கெடும். தஞ்சாவூருக்குக் காட்டப் போகும்போது பழைய சீட்டெல்லாம் எடுத்துப் போங்கள். தை அறுப்புக்கு வந்துவிடுவேன், லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

வடிவாய்க்காலை இந்த வருஷமாவது தூர் வாரினார்களா? மறக்காமல் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகள்