வளவில் டிரம்ஸ் வைக்கும் முன்

காரைக்குடி

அன்பு மகளுக்கு,

அப்பச்சி எழுதுவது. பொங்கல் விடுமுறையில் உங்கள் இசைக்குழு கண்ணகி கதையை ராக் இசை நாடகமாக நம் வீட்டு நடுவே திறந்த முற்றமுள்ள வளவில் போடப்போவதாகச் சொன்னாய். போனில் பேசினால் பாதி விட்டுப்போகும், அதனால் எழுதுகிறேன்.

இந்த வகை நாடகத்தில் கதை வசனத்தில் இல்லை, பாட்டில் இருக்கிறது. ஒரு வரி காதில் விழாவிட்டால் அடுத்த காட்சி புரியாது. ஆகவே டிரம்ஸ், கிட்டார், விளக்கு எல்லாம் பாடுகிறவர் வாய்க்கு அடங்கியே இருக்கட்டும்.

வளவின் தரை ஆத்தங்குடிக் கல், சுவர் முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புப் பூச்சு, தூண் பர்மா தேக்கு. எல்லாம் வழவழப்பு. டிரம்ஸின் ஒரு அடி எதிரெதிர்ச் சுவர்களில் பட்டுப் பட்டுத் திரும்பி, பாட்டின் மெய்யெழுத்துகளைத் தின்றுவிடும். வளவைச் சுற்றிய பட்டாலைத் திண்ணையின் சுவர்களுக்கு முன்னால், நாலு விரல் இடைவெளி விட்டு, கெட்டி ஜமுக்காளங்களைத் தொங்கவிடுங்கள். தூணுக்குத் தூண் கயிறு கட்டித் தொங்கவிட வேண்டும். சுவரில் ஒரு ஆணிகூட அடிக்கக் கூடாது. அந்தப் பூச்சு பெயர்ந்தால் அதே மாதிரி பூசித் தர ஆள் கிடைப்பது அரிது. ஜமுக்காளம் உயர்ந்த சுருதி ஒலியைத்தான் குடிக்கும், தாழ்ந்த பேஸ் ஒலி அதற்கு அடங்காது. அதனால் பேஸ் கிட்டாரையும் கீபோர்டையும் டிஐ பாக்ஸ் (வாத்தியத்தை மிக்ஸரோடு இணைக்கும் சின்னப் பெட்டி) வழியே நேராக மிக்ஸருக்குக் கொடுங்கள், மேடையில் ஆம்ப் வேண்டாம்.

டிரம்ஸ் பக்கத்தில் நின்றால் 100 டெசிபலைச் சுலபமாகத் தாண்டும். பழகாத குரல் அதோடு மல்லுக்கு நின்றால் இரண்டாம் நாளே தொண்டை கட்டிக்கொள்ளும். எலெக்ட்ரானிக் டிரம்ஸ் இருந்தால் நல்லது. இல்லையென்றால் குச்சிக்குப் பதில் மெல்லிய குச்சிகளைக் கட்டாகக் கட்டிய ராட்ஸ். ஒத்திகையில் ஒரு நாளைக்கு ஒரு தடவைக்கு மேல் முழுக்குரலில் பாடவிடாதே, மற்றதெல்லாம் அரைக்குரலில் போகட்டும்.

சின்ன மைக்கை நெற்றியில் முடி தொடங்கும் இடத்தில் வைத்து, ஒயரை முடிக்குள் ஓட்டி, மருத்துவ டேப்பால் பிடரியில் ஒட்டுங்கள். கன்னத்தில் ஒட்டினால் வேர்வை வழிந்து மைக்கின் வாயை அடைக்கும். இடுப்பில் கட்டும் டிரான்ஸ்மிட்டரைப் பிளாஸ்டிக் உறையில் போடுங்கள். ஒவ்வொரு தடவை நாடகம் போடும்போதும் பேட்டரி புதிது. திறந்திருக்கும் மைக்குகளின் எண்ணிக்கை இரட்டிக்கும் ஒவ்வொரு தடவையும், ஸ்பீக்கர் சத்தம் மைக்குக்குள் திரும்பிப் போய் ஊளையிடுவதற்கு முன் கிடைக்கும் சத்தத்தில் 3 டெசிபல் போய்விடும். எட்டு மைக் திறந்து கிடந்தால் 9 டெசிபல் நஷ்டம். மிக்ஸரில் இருப்பவர் கையில் நாடகப் பிரதி இருக்க வேண்டும். பாடப்போகிறவரின் மைக்கை மட்டும் திறந்து, வரி முடிந்ததும் மூட வேண்டும். கோவலனும் கண்ணகியும் நெருங்கி நிற்கும் காட்சியில் ஒருவர் மைக் போதும். இரண்டும் திறந்திருந்தால் குரல் குழாய்க்குள்ளிருந்து வருவது போலக் கேட்கும்.

மெட்டைப் பற்றி ஒன்று, ஆத்தா. ராக் தாளத்தின் அழுத்தம் இரண்டிலும் நாலிலும் விழும். அங்கே குறில் வந்து, பாடுகிறவர் அதை இழுத்தால் நெடிலாகிவிடும். 'மாணிக்கக் கல்' என்பது 'மாணிக்கக் கால்' ஆகிவிட்டால் சிலம்பு வழக்கே போயிற்று. ஒவ்வொரு பாட்டையும் தாளம் தட்டி, மெட்டில்லாமல் வாசித்துப் பாருங்கள். இழுக்கும் இடத்தில் நெடிலோ, ம், ன், ல் போன்ற நீளும் ஒற்றோ வருகிற சொல்லை வையுங்கள். கதை தெரியாத ஒருவரைக் கடைசி வரிசையில் உட்காரவைத்து, கேட்டதை எழுதச் சொல். எழுத முடியாமல் போன வரியை மாற்று. எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான்.

மின்சாரம். வீட்டு ஒயரிங் பழையது, அதை நம்ப வேண்டாம். 150 வாட் எல்இடி விளக்கு 24 வைத்தால் 3.6 கிலோவாட், ஒலிக்கு நாலு என்று வைத்துக்கொள். 25 கேவிஏ ஜெனரேட்டர் தாராளம். பின்வாசல் அடுத்த தெருவில் திறப்பதால் அங்கே நிறுத்தி, மூன்றாம் கட்டு வழியே கேபிள் இழுக்கலாம். விளக்குக்கு ஒரு ஃபேஸ், ஒலிக்கு வேறு ஃபேஸ். ஸ்பீக்கரில் 'ஊ' என்ற இரைச்சல் வந்தால் டிஐ பாக்ஸில் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைப் போடுங்கள். எர்த் பின்னை மட்டும் யாரும் பிடுங்கக் கூடாது, கிட்டார் கம்பியைத் தொடுகிறவர் உயிர் அதில் இருக்கிறது.

தைப் பனியில் இரவு ஏற ஏறக் கம்பி இறுகிச் சுருதி ஏறும், இடைவேளையில் மறுபடி சேர்க்க வேண்டும். மிக்ஸரைத் திறந்த முற்றத்தில் வைக்காமல் பட்டாலைக் கூரைக்குள் வைக்கவும்.

திறந்த வெளியில் இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000ஆம் ஆண்டு விதி. வளவுக்கு மேலே வானம்தானே. ஆறரைக்குத் தொடங்கினால் ஒன்பதரைக்குள் முடியும். பொங்கலை அடுத்த செவ்வாய் வேண்டாம், அன்று நாட்டரசன்கோட்டையில் செவ்வாய்ப் பொங்கல், பங்காளிகள் எல்லாம் அங்கே இருப்பார்கள்.

ஆட்டக்காரர்கள் எத்தனை, வாத்தியக்காரர்கள் எத்தனை, இவர்களில் எத்தனை பேர் இங்கே தங்குவார்கள் என்று எழுது. ஜமுக்காளத்தை அதற்குத் தக்கபடி எடுத்து வெயிலில் போடச் சொல்கிறேன்.

அப்பச்சி