ஆனிக் காற்றில் புனலூர் வரை

அன்பு மாப்ளே,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் இப்போது தேவலை என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். பிசியோ சொன்ன பயிற்சியை மட்டும் விட்டுவிடாதே. பெரியவளுக்குக் கல்லூரி இடம் கிடைத்ததா? அதைப் பற்றி நீ ஒன்றுமே எழுதவில்லை. இங்கே அம்மா நலம். கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, மறுபடி பேப்பரை வரி விடாமல் படிக்கிறாள்.

"இந்தக் காற்றில் சைக்கிளை எடுத்துக்கொண்டு எங்கேயும் கிளம்பிவிடாதே" என்று எழுதியிருந்தாய். உன் கடிதம் வருவதற்குள் நான் புனலூர் போய்த் திரும்பிவிட்டேன். திருநெல்வேலியில் இருந்து தென்காசி, செங்கோட்டை, ஆரியங்காவு, தென்மலை வழியாக 110 கிலோமீட்டர் பக்கம் வரும். ஒரே நாளில் இத்தனை வகை வானிலையை நான் வேறு எந்தச் சாலையிலும் பார்த்ததில்லை.

விடிவதற்கு முன்பே கிளம்பினேன். எட்டு மணி வரை காற்று சும்மா இருந்தது. ஆலங்குளம் நெருங்கும்போது ஆரம்பித்தது பார், நேர் எதிரே மேற்கிலிருந்து. சாலையை நால்வழியாக்கியபோது ஓரத்து மரங்களெல்லாம் போய்விட்டன, தடுக்க ஒன்றும் இல்லை. இரண்டு பக்கமும் காற்றாலைகள் மேற்கே முகம் வைத்துச் சுற்றிக்கொண்டிருக்க, நான் ஹேண்டில்பாரின் கீழ்ப் பிடியைப் பிடித்துத் தலையைக் குனிந்துகொண்டு மிதித்தேன். சமதளம்தான், ஆனாலும் மலையேற்றத்துக்குப் போடும் கியரில்தான் போக முடிந்தது. எதிர்க்காற்றின் கணக்கு அப்படி: காற்றின் வேகமும் நம் வேகமும் கூடித்தான் முகத்தில் அடிக்கும், அந்த வேகம் இரண்டு மடங்கானால் தடுக்கும் விசை நான்கு மடங்காகும். மேட்டில் ஏறினால் உச்சி என்று ஒன்று வரும், அப்புறம் இறக்கமும் கிடைக்கும். இங்கே பாவூர்சத்திரம் வரை அது எதுவும் கிடையாது. கேரளாவுக்கு வைக்கோல் ஏற்றிப் போகும் லாரி முந்திப்போகும்போது மட்டும் ஒரு நொடி காற்று அறுந்து வண்டி முன்னால் தாவும். அடுத்த நொடியே பக்கவாட்டில் ஒரு தள்ளு. வாயெல்லாம் புழுதி.

பாவூர்சத்திரம் தாண்டியதும் மலை தெரிந்தது. உச்சியில் மேகம் கவிழ்ந்து கிடந்தது. தென்காசிக்கு முன்னாலேயே வெயில் மறைந்து, கண்ணாடியில் பொடித்துளி படிய ஆரம்பித்தது. சாரல்! நனைவது தெரியாது, ஆனால் சட்டை ஈரமாகிவிடும். காசி விசுவநாதர் கோயில் கோபுர வாசலில் வண்டியைச் சாய்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றேன். அந்த வாசலில் அடிக்கும் காற்று உனக்குத் தெரியுமே, பூக்காரம்மா கூடையின் மேல் ஈரத்துணி போட்டு, துணியின் நான்கு மூலைக்கும் கல் வைத்திருந்தாள்.

பிரானூர் பார்டரில் சாப்பாடு. பரோட்டாவைப் பற்றி எழுதி உன்னை ஏங்க வைக்க மாட்டேன். 1956 நவம்பர் வரை செங்கோட்டை திருவிதாங்கூரிலும், பிறகு திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்தது, எல்லை இந்தப் பிரானூரில்தான். எல்லை மலைக்குப் போய் இத்தனை வருஷம் ஆகியும் ஊர் அந்தப் பெயரை விடவில்லை.

புளியரை தாண்டி ஏற்றம். நான் பயந்த அளவுக்கு இல்லை, வளைவுகளில் மலையே காற்றை மறைத்துக்கொண்டது. கோட்டைவாசல் தாண்டி ஆரியங்காவு வந்ததும் வானம் உடைந்துவிட்டது. துளித்துளியாக ஆரம்பிக்கும் மழை இல்லை, ஒரு வளைவு திரும்பினேன், அந்தப் பக்கம் மழை தயாராக நின்றது. என் வண்டியில் இருப்பது ரிம் பிரேக், சக்கரத்தின் வளையத்தையே ரப்பர் கட்டை பிடித்து நிறுத்தும் வகை. நனைந்த ரிம்மில் கட்டை முதலில் வழுக்கும், தண்ணீரை வழித்து எடுத்த பிறகுதான் பிடிக்கும். அதனால் இறக்கத்தில் வளைவுக்கு வெகு முன்பே லேசாக அழுத்தி அழுத்தி விட்டுக்கொண்டே வர வேண்டும். மணல் ஒட்டிக் கரகரவென்று சத்தம், ரிம்மில் இருந்து சாம்பல் நிறத்தில் குழம்பு மாதிரி ஒரு கசடு வழிந்து கால் வரை தெறித்தது. ஒரு சாயாக்கடையில் ஒதுங்கி, கட்டன்சாயாவும் பழம்பொரியும் சாப்பிட்டுக்கொண்டே பிரேக் கட்டையில் குத்தி நின்ற மணலை ஊக்கால் நெம்பி எடுத்தேன். கடைக்காரர் பாதித் தமிழிலும் பாதி மலையாளத்திலும், "கீழே தென்மலையில் வெயில் அடிக்கும், பயப்படாமல் போங்க" என்றார். அப்படியே நடந்தது.

அதற்கு முன்னால் கழுதுருட்டி அருகே பதிமூன்று கண் பாலம் வந்தது. மழையில் கருங்கல் தூண்கள் பளபளவென்று கறுத்திருந்தன. 1904-இல் போட்ட மீட்டர் கேஜ் பாதைக்காகக் கட்டியது. நாம் அந்தச் சின்ன ரயிலில் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, உன் மாமாவிடம் திட்டு வாங்கியது ஞாபகம் இருக்கிறதா? 2018-இல் இருந்து அகலப்பாதை ஓடுகிறது. ரயிலில் இருந்து பார்ப்பதைவிடக் கீழே சாலையில் நின்று அண்ணாந்து பார்க்கும்போதுதான் அந்த வேலையின் அருமை தெரிகிறது.

புனலூர் சேரும்போது புழுக்கம். கல்லடையாறு செம்மண் நிறத்தில் ஓடியது. 1877-இல் கட்டிய தொங்குபாலத்தில் வண்டியில்லாமல் கொஞ்ச தூரம் நடந்தேன்.

உனக்கு எழுத வேண்டும் என்று தோன்றியது இதுதான் மாப்ளே. காலையில் ஆலங்குளத்தில் என் வாயில் புழுதி போட்டதும், தென்காசியில் சாரலாய் விழுந்ததும், ஆரியங்காவில் கொட்டியதும் எல்லாம் ஒரே காற்று. அரபிக்கடலில் இருந்து ஈரத்தோடு வந்து, மேற்குச் சரிவில் ஏறும்போது குளிர்ந்து மழையை இறக்கிவிட்டு, மிச்சத்தைக் குற்றாலத்துப் பக்கம் தெளித்துவிட்டு, கிழக்கே இறங்க இறங்கக் காய்ந்து, கணவாய்க்குள் நெருக்குண்டதால் வேகம் பிடித்து நம் ஊர்ப் பக்கம் வருகிறது. பள்ளிக்கூடத்தில் மழை மறைவுப் பிரதேசம் என்று படித்து மார்க் வாங்கியதுதான். ஆனால் அந்தக் காற்றை எதிர்த்து ஒரு நாள் முழுக்க மிதித்த பிறகு, அது எங்கே ஈரத்தை விடுகிறது, எங்கே வறள்கிறது என்று தோலுக்கே தெரிந்துவிட்டது. பஸ்ஸில் இதே வழியில் எத்தனையோ தடவை போயிருக்கிறேன், தூங்கிக்கொண்டேதான் போயிருக்கிறேன். கோவையில் உன் வீட்டுக் கதவை அடித்துச் சாத்துவதும் இதே காற்றுதான், பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிறது.

இரவு முன்சக்கரத்தைக் கழற்றி, வண்டியை உறையில் போட்டுக்கொண்டு பாலருவி எக்ஸ்பிரஸில் ஏறி, விடிவதற்குள் நெல்லை வந்து சேர்ந்தேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஆடி முடிவதற்குள் நீ வா. அதே பாலருவி பாலக்காட்டில் இருந்துதான் கிளம்புகிறது, நீ அங்கே ஏறிப் புனலூரில் இறங்கிவிடு. நான் முந்தின நாளே பஸ்ஸில் வண்டியோடு வந்து அறை பார்த்து வைக்கிறேன். காலையில் அங்கிருந்து திருநெல்வேலிக்கு, காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு வரலாம். உன் முழங்காலுக்கும் அந்தத் திசைதான் நல்லது. ஆரியங்காவு ஏற்றம் ஒன்றுதான் உழைப்பு, அதையும் நிதானமாக ஏறுவோம். மட்கார்டு கட்டாயம் போடு. டயர் அகலம் 28 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும், மழையில் காற்றைக் கொஞ்சம் குறைத்து வைத்தால் பிடிமானம் நன்றாக இருக்கும். செயினுக்கு மழைக்கால ஆயில் என்னிடம் இருக்கிறது, நீ வாங்க வேண்டாம்.

டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தேதி எழுது. டிக்கெட்டை சீக்கிரம் போட்டுவிடு, வார இறுதியில் கிடைக்காது.

அன்புடன்,
பாளையங்கோட்டையில் இருந்து உன் நண்பன்