அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதே

தாராவி, மும்பை
12.8.2024

அன்பு மகனுக்கு அப்பா எழுதுவது.

மூன்று ஞாயிறுகளாக நீ வீடியோவில் பேசும்போதெல்லாம் இடக்கை துண்டுக்குள்ளேயே இருந்தது. நாங்களும் கேட்கவில்லை. நேற்றுப் பேத்திதான், "அப்பா விரல் வெள்ளைத் தொப்பி போட்டிருக்கு தாத்தா" என்றாள். மருமகளைக் கடிந்துகொள்ளாதே, நான் வற்புறுத்திக் கேட்ட பிறகே, கப்பல் வேலையில் சுட்டுவிரலில் இரண்டு கணு போனதையும், ஒப்பந்தக்காரர் 40,000 ரூபாயைக் காட்டி ஒரு தாளில் கையெழுத்துக் கேட்பதையும் சொன்னாள்.

கையெழுத்துப் போடாதே. தொழிலாளர் இழப்பீட்டுக்கான 1923ஆம் ஆண்டுச் சட்டத்தின் அட்டவணை, சுட்டுவிரலின் இரண்டு கணுவுக்கு உழைப்புத் திறனில் 11 சதவீத இழப்பு என்கிறது. நீ 23,000 ரூபாய் வாங்கினாலும் மாதச் சம்பளமாக 15,000 வரைதான் கணக்கில் எடுப்பார்கள். அதில் 60 சதவீதமான 9,000த்தை, முப்பது வயதுக்கு அந்தச் சட்டம் வைத்திருக்கும் பெருக்கு எண்ணான 207.98ஆல் பெருக்கி, 11 சதவீதம் எடுத்தால் ஏறக்குறைய 2,05,900 ரூபாய் வருகிறது. மூன்று முறை போட்டுப் பார்த்தேன். மருத்துவச் செலவு தனி. உரிமையை விட்டுக்கொடுத்ததாக எழுதி வாங்கினாலும் 17ஆம் பிரிவின்படி அது செல்லாது. ஆனாலும் போடாதே, செல்லாது என்று காட்ட நீதான் அலைய வேண்டியிருக்கும்.

ஒப்பந்தக்காரர் கைவிரித்தால், அவரிடம் வேலையை ஒப்படைத்த நிறுவனத்திடமே கேட்கலாம். நாள், நேரம், கப்பல், உடன் நின்றவர்கள் என எல்லாவற்றையும் எழுதிப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பு. கன்டெய்னர் கட்டும் வேலையில் உன்னைப் போலக் கவனமானவன் இல்லை என்று இந்தத் தெரு முழுவதும் சொல்லியிருக்கிறேன். அப்படிப்பட்டவன் பெற்றவர்களிடம் கையை மறைக்கலாமா? கோருவதற்கு 2 ஆண்டு அவகாசம் உண்டு என்று தள்ளிப் போடாதே.

இரண்டு ஆண்டு என்று எழுதும்போதே எனக்குக் கை ஓடவில்லை. 1994இல் எதிர்வீட்டு மாமா துறைமுக டாக்கில் சரக்கைத் தூக்கும் ஸ்லிங் கயிறு அறுந்து இறந்தது உனக்குத் தெரியும். கூலியாட்களின் மேஸ்திரியான முகாதம் கொடுத்த 15,000 ரூபாயை வாங்கிக்கொள்ளும்படி அத்தையிடம் சொன்னவன் நான் என்பது தெரியாது. இறந்தவருக்கான இழப்பீட்டைத் தொழிலாளர் இழப்பீட்டு ஆணையரிடம் முதலாளி கட்ட வேண்டும், குடும்பத்தின் கையில் கொடுத்தால் அது இழப்பீடாகாது என்று சங்கத்துக்காரர் ஒருவர் அடுத்த ஆண்டே எனக்குச் சொன்னார். அப்போதும் காலம் இருந்தது. அத்தை வழக்குப் போட்டால், அந்த ஸ்லிங்கின் புரி நைந்திருந்ததைக் காலையிலேயே பார்த்தேன் என்று நான் சாட்சி சொல்ல வேண்டிவரும், வேலை போய்விடும் என்று பயந்து வாயைத் திறக்கவில்லை. நீ பள்ளிக்கூடம் போகும்போது அத்தை விற்கிற இட்லியில் இரண்டை உன் டப்பாவில் வைப்பாரே, அதை நான் நிமிர்ந்து பார்த்ததில்லை. இன்னும் அவரிடம் சொல்லவில்லை.

உன்னுடன் நின்றவர்கள் சாட்சி சொல்லத் தயங்கினால் கோபிக்காதே. பெயரை மட்டும் எழுதி வை. கட்டுப் பிரிக்கும்போது கையைப் படம் எடுத்துக்கொள். வெள்ளிக்கிழமை ரயிலேறுகிறேன். நான் வரும்வரை அந்தத் தாளைத் தொடாதே.

அப்பா