சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள், அண்ணா

அன்புள்ள அண்ணா,

பென்டிரைவில் போட்டுக் கொடுத்த, அமெரிக்கப் பாடகர் டவுன்ஸ் வான் ஸான்ட் பற்றிய ஆவணப்படத்தை ஒருவழியாகப் பார்த்து முடித்தேன். ஆறு மாதமாகப் பையிலேயே கிடந்தது, திட்டாதீர்கள். நேரில் சொல்ல ஆரம்பித்தால் இரண்டாவது வாக்கியத்திலேயே நீங்கள் கிதாரை எடுத்துவிடுவீர்கள், அதனால்தான் நாலு பேர் பார்க்கிற மாதிரி இங்கே எழுதுகிறேன்.

மார்கரெட் பிரவுன் 2004இல் எடுத்த 'பி ஹியர் டு லவ் மீ'. நல்ல படம், அதில் சந்தேகமே இல்லை. ஆளை மேதை என்று தூக்கி வைத்துக் கோயில் கட்டவில்லை, குடிகாரன் என்று தீர்ப்பும் எழுதவில்லை. பழைய பதிவுகளில் அவர் குரலே பாதி கதையைச் சொல்லிவிடுகிறது. ஆனால் பார்த்து முடித்த பிறகு எனக்குள் தங்கியது பாட்டு இல்லை. சிரிப்பு. அவரைப் பற்றிப் பேசுகிற நண்பர்கள் முக்கால்வாசி நேரம் சிரித்துக்கொண்டே பேசுகிறார்கள், கவனித்தீர்களா?

நீங்கள் எனக்கு முதன்முதலில் சொன்னதும் ஒரு சிரிப்புக் கதைதானே. கொலராடோவில் கல்லூரியில் படிக்கும்போது, விழுந்தால் எப்படி இருக்கும் என்று பார்ப்பதற்காக நாலாவது மாடி பால்கனியில் உட்கார்ந்து மல்லாக்கச் சாய்ந்து விழுந்தாராம், எழுந்து நடந்தே போய்விட்டாராம். டவுன்ஸே சொன்ன கதை. நாம் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

அதற்கு அடுத்து நடந்ததை மட்டும் நீங்கள் சொல்லவே இல்லை. டெக்சாஸில் எண்ணெய்ப் பணம் புழங்கிய பெரிய குடும்பம் அது, அந்தப் பெயரில் அங்கே ஒரு மாவட்டமே இருக்கிறது. பையனின் குடியையும் மனச்சோர்வையும் பார்த்துப் பயந்துபோன பெற்றோர் அவரைக் கூட்டிக்கொண்டு வந்து கால்வெஸ்டனில் மருத்துவமனையில் சேர்த்தார்கள். 1960களின் தொடக்கம். இன்சுலின் ஊசி போட்டு, ரத்தத்தில் சர்க்கரையைத் தரைமட்டத்துக்கு இறக்கி, ஆள் கோமாவுக்குப் போனதும் குளுக்கோஸ் ஏற்றி எழுப்புவது, அப்புறம் மறுபடி ஊசி, மறுபடி கோமா, இப்படி மூன்று மாதம். இதற்குச் சிகிச்சை என்று பெயர். வெளியே வந்தபோது சின்ன வயது நினைவுகளில் பெரும்பகுதி அழிந்துபோயிருந்தது. இந்த முடிவுக்காக அவருடைய அம்மா சாகும்வரை வருந்தினாராம்.

பால்கனிக் கதையைச் சொல்லும்போது எல்லோருக்கும் சிரிப்பு வருகிறது. கால்வெஸ்டனைச் சொல்லும்போது யாருக்கும் வருவதில்லை. இரண்டும் ஒரே கதை, அண்ணா. நாம்தான் நடுவில் வெட்டிவிட்டு முதல் பாதியை வைத்துக்கொண்டோம்.

டவுன்ஸின் முதல் மனைவி இந்தப் படத்தில் பேசுகிற இடம் நினைவிருக்கிறதா? புதிதாகக் கல்யாணமான வீடு, துணி வைக்கிற குட்டி அறைக்குள் கிதாரோடு போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார் கணவர், நமக்கு ஒரு காதல் பாட்டு வரப்போகிறது என்று இந்தப் பெண் காத்திருக்கிறார். வந்தது 'வெயிட்டின் அரவுண்ட் டு டை'. சாவு வரும்வரை சும்மா காத்துக்கிடக்கிற ஒருவனின் பாட்டு. அப்பா அம்மாவை அடிக்கிறார், ஊர் ஊராக ரயில், ஜெயில், கடைசியில் கூட்டாளி என்று மிஞ்சுவது கோடீன் என்கிற போதை தருகிற மருந்து மட்டும். எழுதியவருக்கு அப்போது இருபதுகளின் தொடக்கம்தான், அதில் வருகிற எதையும் அதுவரை அவர் அனுபவித்ததாகத் தெரியவில்லை. கஷ்டப்பட்டால்தான், குடித்தால்தான் பாட்டு வரும் என்று நீங்கள் அடிக்கடி சொல்வீர்களே, அதற்கு இந்த ஒரு பாட்டே பதில். பாட்டு முதலில் வந்தது. வாழ்க்கை அதன் பின்னாலேயே போனது.

அதே பாட்டை அவர் ஆஸ்டினில் சேமோர் வாஷிங்டன் என்கிற வயதான கறுப்பினக் கொல்லரின் வீட்டில் பாடுகிற பழைய காட்சியும் வருகிறது, 1970களின் நடுவில் 'ஹார்ட்வோர்ன் ஹைவேஸ்' படத்துக்காக எடுத்தது. அதே படப்பிடிப்பில் இன்னோரிடத்தில் டவுன்ஸ் துப்பாக்கியும் விஸ்கியுமாகக் கோமாளித்தனம் செய்கிறார், முயல் வளைக்குள் விழுகிற மாதிரி நடிக்கிறார், பார்க்க ஜாலியாகத்தான் இருக்கிறது. இந்த வீட்டில் அதெல்லாம் இல்லை. தலையைக் குனிந்து பாடுகிறார். பெரியவர் கேட்டுக்கொண்டே இருக்கிறார், கன்னத்தில் கண்ணீர் தன்பாட்டுக்கு வழிகிறது, அதைத் துடைக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை. நான் அந்த இடத்தை நாலு முறை பின்னால் ஓட்டிப் பார்த்தேன். டவுன்ஸைச் சுற்றியிருந்த கூட்டத்தில் அந்தப் பாட்டை அதில் சொன்ன விஷயமாகவே கேட்டவர் அவர் ஒருவர்தானோ என்று தோன்றியது.

பாடகர் ஸ்டீவ் எர்ல் சொல்வாரே, ஹெராயினில் மூழ்கிக் கிடந்த தன்னிடம் புத்தி சொல்ல டவுன்ஸை அனுப்பினார்கள் என்று. உன்னையே அனுப்புகிற நிலைமை என்றால் என் கதி மோசம்தான் என்றாராம் எர்ல். ஊசி சுத்தமானதுதானே என்று கேட்டாராம் டவுன்ஸ். ஆமாம் என்றதும், சரி, இந்தப் புதுப் பாட்டைக் கேள் என்று பாட ஆரம்பித்துவிட்டாராம். பிரமாதமான கதை, நானும் சிரித்தேன். அப்புறம் ஒன்று ஞாபகம் வந்தது. எர்ல் தன் மகனுக்கு இவர் பெயரைத்தான் வைத்தார், ஜஸ்டின் டவுன்ஸ் எர்ல். அந்தப் பையனும் நல்ல பாட்டுக்காரன், 2020இல் போதை மருந்தால் செத்துப்போனான். வயது 38.

நம் சித்தப்பாவை நினைக்காமல் இருக்க முடியவில்லை. பதினாறாம் நாள் காரியத்தன்று சாப்பிட்டு முடித்துத் திண்ணையில் உட்கார்ந்து நாம் எல்லோரும் என்ன செய்தோம்? அவர் போதையில் பக்கத்து ஊர்க் கல்யாணத்துக்குப் போய் மொய் எழுதிவிட்டு வந்த கதை, சைக்கிளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு நடந்த கதை. நீங்கள் நடித்தே காட்டினீர்கள். சித்திகூடச் சிரித்தார். அவருடைய மகள் மட்டும் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டாள், குழாயடியில் பாத்திரம் தேய்க்கிற சத்தம் ரொம்ப நேரம் கேட்டது. இந்தப் படத்தில் டவுன்ஸின் மூத்த மகன் பேசும்போது எனக்கு அந்தச் சத்தம்தான் கேட்டது.

கடைசி நாட்களை நீங்களே பார்த்திருப்பீர்கள். 1996 டிசம்பரில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. டாக்டரிடம் போகவில்லை, சக்கர நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு மெம்பிஸில் பாட்டுப் பதிவுக்குப் போனார். பதிவு பாதியிலேயே நின்றுபோனது. ஒரு வாரத்துக்கு மேல் கழித்துத்தான் அறுவை சிகிச்சை. குடி இல்லாமல் உடம்பு நடுங்க ஆரம்பித்ததும் மருத்துவர்கள் வேண்டாம் என்று சொல்லியும் வீட்டுக்குக் கூட்டி வந்தார்கள். 1997 ஜனவரி 1 அன்று போய்ச் சேர்ந்தார், 52 வயது. அவர் கும்பிட்ட பழைய பாடகர் ஹேங்க் வில்லியம்ஸும் 1953இல் இதே ஜனவரி 1ஆம் தேதிதான் செத்தார் என்பதை ரசிகர்கள் ஏதோ வரம் மாதிரிச் சொல்கிறார்கள். எனக்கு அதில் ஒன்றும் தோன்றவில்லை.

அஞ்சலிக் கூட்டத்தில் பாடகர் கை கிளார்க் எழுந்து, இந்தக் கச்சேரியை நான் முப்பது வருஷத்துக்கு முன்னாலேயே புக் பண்ணிவிட்டேன் என்றார். கூட்டம் சிரித்தது. முப்பது வருஷம் கூடவே இருந்த நண்பர், அவர் மனசை நான் குறைசொல்ல வரவில்லை, அவருக்கு வேறு வழி தெரிந்திருக்காது. நமக்கும் தெரியவில்லையே.

டவுன்ஸ் எழுதிய 'பாஞ்சோ அண்ட் லெஃப்டி'யைப் பற்றி நீங்கள் சொன்னதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். 1983இல் வில்லி நெல்சனும் மெர்ல் ஹேகார்டும் பாடி முதலிடத்துக்குக் கொண்டுபோன பாட்டுதான், இருந்தாலும் டவுன்ஸ் ஒற்றைக் கிதாரோடு முணுமுணுக்கிறபோது இருப்பது அதில் இல்லை.

பொங்கலுக்கு வரும்போது பென்டிரைவைக் கொண்டுவருகிறேன். அதில் இருந்த ஓல்ட் குவார்ட்டர் கச்சேரியை மட்டும் என் போனில் ஏற்றி வைத்திருக்கிறேன், 1973இல் ஹூஸ்டனில் பதிவு செய்தது. பாட்டுக்கு நடுவில் அவர் ஜோக் அடிக்கிற இடங்களைத் தள்ளிவிட்டுத்தான் இப்போதெல்லாம் கேட்கிறேன். சித்தி வீட்டுக்கு ஒரு நடை போய்விட்டு வரலாம், நீங்களும் வாருங்கள். கிதார் வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் தம்பி