மூக்கில் தாராளம், வாலில் சிக்கனம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பால்சா கட்டையில் ரிமோட் விமானம் கட்டுவது பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரை, மேலுறை ஒட்டுவதோடு நின்றுவிட்டது. அசல் விமானத்தின் நுணுக்கங்களை அதில் ஏற்றும் வேலை அதற்குப் பிறகுதான் வருகிறது. நன்றாகப் பறக்கும் விமானத்தைப் பலர் கெடுத்துக்கொள்வதும் அங்கேதான். பலரும் விரும்பிக் கட்டும், பைப்பர் ஜே-3 கப் என்ற பழைய அமெரிக்கச் சிறுவிமானத்தையே எடுத்துக்கொள்வோம். ஆறில் ஒரு பங்கு அளவில் அதன் இறக்கை நீளம் சுமார் 179 செ.மீ.

கப்புக்கு மூக்கு குட்டை, வால் நீளம். வாலில் 10 கிராம் ஏறினால் சமநிலைக்காக மூக்கில் கிட்டத்தட்ட 30 கிராம் ஈயம் வைத்தாக வேண்டும். அதனால் அலங்காரத்தை மூக்கிலிருந்து தொடங்குவதே புத்திசாலித்தனம். இன்ஜின் மூடிக்கு வெளியே துருத்தி நிற்கும் நான்கு சிலிண்டர்கள்தான் கப்பின் முகமே. அவற்றைச் செய்ய, மெல்லிய அட்டை வட்டு ஒன்று, அதைவிட 3 மி.மீ. விட்டம் குறைந்த 1 மி.மீ. பால்சா வட்டு ஒன்று என்று மாற்றி மாற்றி அடுக்கி ஒட்டுங்கள். ஓரங்களில் நீர்த்த சூப்பர் க்ளூவை ஊறவிட்ட பிறகே பெயின்ட். இல்லாவிட்டால் அட்டை ஈரம் குடித்துப் பஞ்சாகிவிடும். மங்கல் கறுப்பு காய்ந்ததும், துடைத்தெடுத்த தூரிகையில் மிச்சமிருக்கும் வெள்ளி நிறத்தை லேசாக உரசினால் ஒவ்வொரு விளிம்பும் தனித்துத் தெரியும். காற்று நுழையும் வழியை மட்டும் அடைத்துவிடாதீர்கள், மோட்டார் சூடேறும்.

அசல் விமானத்தில், இறக்கையின் குறுக்குச் சட்டங்களான ரிப்புகளோடு துணி உறையைத் தைத்த முடிச்சுகள் மேலே தெரியும்; அவற்றுக்கு, முனை மழுக்கிய இன்சுலின் ஊசியில் ஃபெவிகால் எடுத்து 10 முதல் 12 மி.மீ. இடைவெளியில் புள்ளி வையுங்கள். பளபளப்பான பிளாஸ்டிக் உறையில் புள்ளி உரிந்து வரும்; முதலில் ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும். மேலே 8 மி.மீ. அகலத்தில் அதே உறையின் கீற்று. இஸ்திரிச் சூட்டைக் குறைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேய்க்க வேண்டும். சூடு கூடினால் அடியுறையும் சேர்ந்து சுருங்கி, இடையில் காற்றுக் கொப்புளம் நிற்கும். கீற்றின் ஓரத்தைப் பல்வெட்டுக் கத்தரியால் வெட்டுவது வேண்டாத வேலை. இந்த அளவுக்கு அந்தப் பற்கள் அரிவாள் போலத் தெரியும்.

இறக்கையை உடலோடு தாங்கிப் பிடிக்கும் முட்டுக்கம்பிகள் இரு பக்கமும் ஒரே நீளத்தில் இருக்கிறதா என்று கட்டாயம் அளந்து பாருங்கள். ஒரு பக்கத்துப் பின்கம்பி 2 மி.மீ. கூடினாலே இறக்கை முறுக்கிக்கொண்டு விமானம் ஒரு பக்கம் சாயும். வால் இழுவைக் கம்பிகளுக்கு எஃகு வேண்டாம், கறுப்பு எலாஸ்டிக் நூல் போதும்.

ஜன்னல் பிளாஸ்டிக்கைச் சூப்பர் க்ளூவால் ஒட்டினால் அதன் ஆவி வெண்மை படியவைக்கும். அதற்கும் வெள்ளைப் பசைதான். விமானி பொம்மையைத் தெர்மாகோலில் குடைந்து செய்து பின் இருக்கையில் உட்காரவையுங்கள். ஜே-3யைத் தனியாக ஓட்டுபவர் பின்னால்தான் உட்காருவார். முன்னால் உட்காரவைத்த கப்புகளைத்தான் மைதானங்களில் அதிகம் பார்க்க முடிகிறது! கண்ணாடிக்கு முன்னே எரிபொருள் தொட்டி மூடியிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியை மறக்க வேண்டாம். உள்ளே தக்கை மிதவையில் நிற்கும் அந்தக் கம்பிதான் அசலில் எரிபொருள் அளவுகாட்டி.

எல்லாம் ஒட்டி முடித்ததும் பேட்டரியோடு எடைமையத்தை, அதாவது விமானம் சாயாமல் சமநிலையில் நிற்கும் புள்ளியைப் பாருங்கள். இறக்கையின் முன்விளிம்பிலிருந்து 67 முதல் 75 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். பின்னால் போயிருந்தால் முதலில் பேட்டரியை முன்னே தள்ளுங்கள். அதற்கும் அடங்காவிட்டால்தான் ஈயம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்