துருப்பிடிச்ச ஸ்பிட்ஃபயரை ரோட்டுக்குக் கொண்டு வந்த எல்லாருக்கும் நன்றி

எல்லாருக்கும் வணக்கம்ங்க. நேத்து விடியக்காலைல காவேரிப்பட்டணத்துல இருந்து கிருஷ்ணகிரி டேம் வரைக்கும் ஹூட்டை, அதான் துணிக் கூரையை, இறக்கி விட்டுட்டு என் பழைய ஸ்பிட்ஃபயர் காரை ஓட்டிட்டுப் போய் திரும்பி வந்தேன். எங்கயும் நிக்கல, சூடாகல, வீட்டு வாசல்ல இறங்கினப்போ எனக்குக் கை நடுங்கிட்டே இருந்துச்சு. மூணு வருஷ வேலை. அதுல என் பங்கு கொஞ்சம்தான், மீதி பூரா உங்க கை. அதை ஊரறியச் சொல்லணும்னுதான் இதை எழுதறேன்.

தெரியாதவங்களுக்காகச் சொல்றேன், இது 1966 மாடல் ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் மார்க் 2, இங்கிலாந்துல கவன்ட்ரில செஞ்ச ரெண்டு சீட்டு ஓப்பன் காரு. ஏற்காட்டுல ஒரு எஸ்டேட்ல ஓடிட்டு இருந்து, கைமாறி கைமாறி, கடைசில ஒரு மாந்தோப்பு ஷெட்ல பதினெட்டு வருஷம் மாங்காக் கூடைக்கு அடில கிடந்துச்சு. காயலான் கடைக்கு எடை போடப் போனதை அறுபதாயிரம் குடுத்து நான் எடுத்துட்டு வந்தேன். ஒரிஜினல் 1147 சிசி இன்ஜின் இல்ல, எந்தக் காலத்துலயோ யாரோ ஸ்டாண்டர்டு ஹெரால்டோட 948 சிசி இன்ஜினைத் தூக்கி வெச்சிருந்தாங்க. ரெண்டும் ஒரே குடும்பத்து இன்ஜின், ஸ்பிட்ஃபயர் பொறந்ததே ஹெரால்டை வெச்சுத்தான், ரெண்டுக்கும் டிசைன் பண்ணினதும் மிக்கேலாட்டிங்கற ஒரே இத்தாலிக்காரர்தான். ஹெரால்டு நம்ம மெட்ராஸ்ல தயாரான வண்டிங்கறதால இங்க பழைய மெக்கானிக்குங்க கைக்கு இதோட போல்ட்டு நட்டு எல்லாம் பழக்கமா இருந்துச்சு, அது என் அதிர்ஷ்டம்.

முதல்ல டிங்கர் அண்ணனுக்கு. அண்ணே, கதவுக்குக் கீழ நீளமா ஓடுற தகட்டுப் பெட்டி, இங்கிலீஷ்ல 'சில்'னு சொல்றோமே, அதை நீங்க ஸ்க்ரூ டிரைவரால லேசா அழுத்தினீங்க, அப்பளம் மாதிரி நொறுங்கி உள்ள இருந்து செம்மண்ணும் எறும்புக் கூடும் கொட்டுச்சு, நான் தலைல கை வெச்சு உக்காந்துட்டேன். அதுக்கு முன்னாடி வேற ஒரு பட்டறைல ரெண்டு பக்கத்தையும் ஒரேடியா அறுத்துப் போட்டுட்டு புதுசு வெக்கலாம்னு சொன்னாங்க. கூரை இல்லாத வண்டிக்கு பாடி வளையாம நிக்கிறதுக்கு இந்த 'சில்'தான் பெரிய பலம், அதை அறுத்தா நடுவுல தொங்கிடும், அப்புறம் கதவு ஜென்மத்துக்கும் சேராதுன்னு நீங்க சொன்னீங்க. ரெண்டு நாள் கட்டிங் மிஷினைத் தொடவே இல்ல, கதவு மாட்டுற இடத்துல முன்னாடி தூணுக்கும் பின்னாடி தூணுக்கும் குறுக்க ஆங்கிள் பட்டை வெச்சு வெல்டிங் பண்ணி பாடியை நிறுத்தினீங்க. அப்புறம்தான் ஒரு பக்கம் அறுத்து, அதை முடிச்சுட்டு அடுத்த பக்கம். ஒவ்வொரு தடவையும் கதவை மாட்டி, ரெண்டு தீக்குச்சியைச் சேர்த்துப் பிடிச்சு சந்துல மேல இருந்து கீழ வரைக்கும் ஓட்டிப் பாப்பீங்களே, அது கீழ ஒரு இடத்துல மாட்டுச்சுன்னு பாதி வெல்டிங்கை உடைச்சு மறுபடி அடிச்சீங்க, அதுக்குத் தனியா கூலி கேக்கவே இல்ல. இன்னைக்கு அந்தக் கதவு ஒரு விரல்ல சாத்துது.

அடுத்து பாலக்கோட்டுப் பெரியவருக்கு. ஐயா, எழுபத்தெட்டு வயசுல பஸ் ஏறி வந்தீங்க. முன் வீலோட ட்ரன்னியன்ல, அதான் வீலைத் தாங்குற லிங்க்கோட அடி மரை உக்கார்ற மூட்டுல, கிரீஸ் கன்னை வெச்சேன், கையைப் புடிச்சு நிறுத்தி, "தம்பி, இது கிரீஸ் போடற இடம் இல்ல, 90 நம்பர் கியர் ஆயில் போடற இடம்"னு சொன்னீங்க. ஸ்டியரிங் திருப்பும்போது அந்த மரைதான் சுத்துது, கிரீஸ் போட்டா அடி வரைக்கும் இறங்காது, தண்ணி புகுந்து துரு தின்னுடும், ஓடும்போதே லிங்க் ஒடிஞ்சு வீலு மடிஞ்சுடும்னு விளக்கினீங்க. கழட்டிப் பாத்தா வலது பக்க மரைல பாதி இல்ல! எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு. என் பொண்ணு உக்காரப் போற வண்டிங்க ஐயா அது. லண்டன்ல இருந்து புது லிங்க் ரெண்டையும் லக்கேஜ்ல சுமந்துட்டு வந்த மச்சானுக்கும் இதே இடத்துல நன்றி சொல்லிக்கறேன்.

வயரிங்கும் ஐயா புண்ணியம்தான். இந்த மாடல் பாசிட்டிவ் எர்த்து, அதாவது பேட்டரியோட பிளஸ் பக்கத்தைத்தான் பாடில குடுக்கணும், அது தெரியாம ஒரு கடைல வழக்கம் போல நெகட்டிவை பாடில குடுத்துட்டாங்க, டைனமோவுக்கும் பேட்டரிக்கும் நடுவுல சுவிட்ச் மாதிரி இருக்கற கட்-அவுட்டோட பாயின்ட் கருகி புகை வந்துச்சு. ஐயா பேட்டரியைத் திருப்பி வெச்சு, டைனமோவும் அதே பக்கத்துக்கு மாறட்டும்னு அதோட எஃப் டெர்மினல்ல லைவ் வயரை ஒரு நொடி தொட்டு எடுத்தார், வேற கட்-அவுட் மாட்டினதும் சார்ஜ் ஏற ஆரம்பிச்சுடுச்சு.

கிருஷ்ணகிரி பைபாஸ்ல லாரி ஸ்பிரிங் பட்டை அடிக்கிற அண்ணாவுக்கு நன்றி. பின்னாடி ரெண்டு வீலுக்கும் குறுக்க ஒரே ஒரு பட்டை செட்டு, தொஞ்சு போயிருந்துச்சு, லாரி வேலையை ஒதுக்கி வெச்சுட்டு ஒரு நாள் பூரா வளைவு பாத்துப் பாத்து அடிச்சுக் குடுத்தீங்க. ஆர்சி வேலைக்கு அலைஞ்ச தம்பிக்கும் நன்றி, 50 வருஷம் தாண்டின வண்டிக்கு 2021-ல வந்த விண்டேஜ் ரூல்ஸை பிரிண்ட் எடுத்துக் கைல வெச்சுக்கிட்டே அலைஞ்சான்.

தார்ப்பாய் தைக்கிற பாய், நீங்க பழைய பேப்பர்ல முழு ஹூட்டையும் வெட்டி ஒட்டிப் பாத்துட்டுத்தான் துணில கத்தரி வெச்சீங்க. மழை வந்து ஒழுகலன்னாதான் கூலின்னு சொன்னீங்க. போன வாரம் பேஞ்சுச்சு பாய், ஒரு சொட்டு உள்ள வரல, பணத்தோட நாளைக்கு வரேன்.

அம்மா, மாட்டுக் கொட்டாயை மூணு வருஷம் விட்டுக் குடுத்ததுக்கு நன்றிம்மா. மாடு வெளிய நனைஞ்சப்பகூட நீ ஒரு வார்த்தை சொல்லல. கொட்டாயை இந்த வாரம் காலி பண்ணிடறேன், தரைல இருக்கற ஆயில் கறையை நானே தேய்ச்சுக் கழுவிடறேன்.

டிங்கர் அண்ணே, நீங்க மட்டும்தான் இன்னும் வண்டில ஏறல, வேலை இருக்கு வேலை இருக்குன்னு தள்ளிப் போடறீங்க. ஞாயித்துக்கிழமை ஆறு மணிக்கு உங்க பட்டறை வாசல்ல ஹார்ன் அடிப்பேன், அண்ணியைச் சொல்லி டீ வெக்கச் சொல்லுங்க, குடிச்சுட்டு டேம் பக்கம் போயிட்டு வந்துடலாம்.